பொண்ணுக்கு ராத்திரி வேலை ஆகாதுன்னா, அப்ப நான் யாரு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. இனி ரெண்டு மாசத்துக்கு ஓபியில காய்ச்சல், சளி, சுகர் மாத்திரைக்கு நடுவுல இன்னொரு கேஸும் வரும். சீட்டை வாங்கிட்டு எழுந்திரிக்கும்போது மெதுவா ஆரம்பிப்பாங்க: "டாக்டரம்மா, பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. என்ன படிக்க வைக்கலாம்?"

நீளமான த்ரெட். பொம்பளைப் பிள்ளை வச்சிருக்கவங்க படிங்க. அடுத்தவங்க வீட்டுப் பொம்பளைப் பிள்ளைக்கு அட்வைஸ் பண்ற சித்தப்பா, பெரியப்பா, மாமாக்கள் கட்டாயம் படிங்க.

முதல்ல ஒண்ணு. இந்தக் கேள்வி பாதி நேரம் கேள்வியே கிடையாது. வீட்ல முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க. பொண்ணு இன்ஜினியரிங்னு சொல்லியிருப்பா. அதுலயும் கம்ப்யூட்டர்னா வீட்ல பெருசா சண்டை வராது, ஏசி ரூம், உட்கார்ந்த இடத்துல வேலை. பொண்ணு எலக்ட்ரிக்கல்ங்கறா, சிவில்ங்கறா, மெக்கானிக்கல்ங்கறா. அங்கதான் பிரச்சனை. "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், இன்னொரு தடவை நீட் எழுதட்டும். இல்லன்னா நர்சிங்காவது படிக்கட்டும். பொண்ணுக்கு ஏத்த படிப்பு இல்லையா?"

ஏன் எலக்ட்ரிக்கல் ஆகாதுன்னு கேட்டா பதில் ரெடியா இருக்கும். நைட் ஷிப்ட் வரும். சைட்டுக்குப் போகணும். ஆம்பளைங்க நடுவுல வேலை. வெளியூர் போஸ்டிங். அழுக்கு, கிரீஸ். நாளைக்குக் கல்யாணம் பண்ணும்போது கேட்பாங்க.

சரி. இப்ப என் வேலையைச் சொல்றேன். நான் தாலுகா அளவிலான ஒரு அரசு மருத்துவமனையில ட்யூட்டி டாக்டர். எம்பிபிஎஸ். ("வெறும் எம்பிபிஎஸ்ஸா மேடம்?"னு கேட்கறவங்களுக்கு: ஆமாங்க, வெறும் எம்பிபிஎஸ்தான்.) வயசு முப்பதைத் தாண்டியாச்சு.

நைட் ட்யூட்டி உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டிக்குக் குடிச்சுட்டு மண்டை உடைஞ்சு வர்றவரு, அவரு கூட வர்ற எட்டு பேரு, எட்டுப் பேருக்கும் போதை. போலீஸ் கூட்டிட்டு வர்ற ஆளுங்க. விஷம் குடிச்சவங்களுக்கு டியூப் போட்டு வயிறு கழுவணும். ரத்தம், வாந்தி, மலம் எல்லாம் தொட்டுத்தான் வேலை. போஸ்ட்மார்ட்டம் உண்டு, தண்ணியில நாலு நாள் கிடந்த உடம்பும் வரும். எம்எல்சி கேஸ் போட்டா சில வருஷம் கழிச்சு வேற ஊர் கோர்ட்டுல இருந்து சம்மன் வரும், கூண்டுல ஏறி நிக்கணும். டிரான்ஸ்ஃபர் உண்டு. முகாம்னா மலை மேல இருக்கிற ஊருக்கும் போகணும்.

அதாவது நைட் ஷிப்ட், சைட், ஆம்பளைங்க, வெளியூர், அழுக்கு. நீங்க சொன்ன அத்தனையும், கொஞ்சம் கூடுதலாவே.

ஆனா இது "பொண்ணுக்கு ஏத்த வேலை". சப் ஸ்டேஷன்ல ஹெல்மெட் போட்டுக்கிட்டு பேனல் முன்னாடி நிக்கறது "பொண்ணுக்கு ஆகாத வேலை". கிரீஸ் கையில பட்டா சோப்புப் போட்டா போயிடும்ங்க. எங்க கையில படறது என்னென்னன்னு சாப்பிடற நேரத்துல படிக்கறவங்களுக்காகச் சொல்லாம விடறேன்.

"அதெல்லாம் சரி, பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே?"

இருக்கு. ரொம்ப முக்கியமா இருக்கு. 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தாவுல ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில, ட்யூட்டியில இருந்த முதுநிலை மாணவி, ஒரு டாக்டர், பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க டாக்டர்கள் தெருவுக்கு வந்தோம். என்ன கேட்டோம்? ட்யூட்டி ரூமுக்கு ஒழுங்கான தாழ்ப்பாள், வராண்டாவுல வெளிச்சம், கேமரா, செக்யூரிட்டி, தனி கழிப்பறை. அந்த நேரத்துல மேற்கு வங்க அரசு, பெண்களுக்கு நைட் ட்யூட்டியை முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. உச்ச நீதிமன்றமே அதைக் கண்டிச்சுது. பாதுகாப்பு கொடுக்கறது உங்க பொறுப்பு, பெண்கள் ராத்திரி வேலை பார்க்கக் கூடாதுன்னு நீங்க எப்படிச் சொல்வீங்கன்னு கேட்டாங்க.

அந்த வாரம் என்கிட்ட ஒரு அப்பா அம்மாவும் வந்து "இனிமே பொண்ணுங்களை எம்பிபிஎஸ் அனுப்பக் கூடாது டாக்டரம்மா"ன்னு சொல்லல. அடுத்த வருஷமும் நீட் கோச்சிங் சென்டர் வாசல்ல பொண்ணுங்களை இறக்கி விட்டுட்டுதான் இருந்தாங்க. அது சரியான முடிவு. டாக்டர் வேலையில ஆபத்துன்னா ஆபத்தைக் குறைன்னு கேட்கறோம். இன்ஜினியர் வேலையில ஆபத்துன்னா மட்டும் பொண்ணை வீட்டுக்குள்ள இழுக்கறோம். பாதுகாப்புதான் உண்மையான காரணம்னா ரெண்டு இடத்துலயும் ஒரே பதில்தானே வந்திருக்கணும்?

இப்ப ஒரு வரலாறு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

ஏ. லலிதா. 1919-ல சென்னையில பிறந்தவர். சின்ன வயசுலயே கல்யாணம். 18 வயசுல கணவர் இறந்துட்டார். கையில 4 மாசக் குழந்தை. அந்தக் காலத்துல விதவைப் பொண்ணுக்கு வீட்டு மூலைதான் கதின்னு இருந்தப்ப, இவங்க மேல படிக்கணும்னு முடிவு பண்றாங்க. மருத்துவம் படிக்கலாமேன்னு ஒரு யோசனை வந்திருக்கு. அதை அவங்க வேண்டாம்னு விட்ட காரணம் தெரியுமா? நடுராத்திரியில கூப்பிட்டா குழந்தையை விட்டுட்டு ஓடணும். காலையில போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி வேலை வேணும். அதனால இன்ஜினியரிங்!

இன்னொரு தடவை படிங்க. இந்தியாவோட முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், குழந்தையைப் பார்த்துக்கத் தோதான வேலைன்னு இன்ஜினியரிங் எடுத்தாங்க. டாக்டர் வேலையை ராத்திரி ட்யூட்டிக்காக வேண்டாம்னாங்க. நம்ம மாமாக்கள் இன்னைக்குச் சொல்ற லாஜிக்குக்கு அப்படியே தலைகீழ்.

அவங்க அப்பா சுப்பாராவ் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் புரொஃபசர். அவரு போய் முதல்வர் கே.சி. சாக்கோகிட்ட பேசி இடம் வாங்கினார். 1940-ல லலிதா சேர்ந்தாங்க. அதே கிண்டியில சிவில் படிக்க இன்னும் ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க, லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. பட்டம் கொடுக்கும்போது சான்றிதழ்ல "அவன்"னு ஆணைக் குறிக்கற சொல்தான் அச்சாகியிருந்துது. பொண்ணு வருவான்னு பிரஸ்ல யாரும் நினைக்கல. பேனாவால அடிச்சுத் திருத்திக் கொடுத்தாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? லலிதா கல்கத்தாவுல ஒரு மின்சாதன நிறுவனத்துல டிசைன் வேலை பார்த்தாங்க. பக்ரா நங்கல் அணையோட மின்சாரக் கட்டமைப்பு வேலையில அவங்க பங்கு இருக்கு. 1964-ல நியூயார்க்ல நடந்த முதல் சர்வதேசப் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனாங்க. திரேசியா 1971-ல கேரளப் பொதுப்பணித் துறையோட தலைமைப் பொறியாளர் ஆனாங்க. ரோடு, பாலம், ஆஸ்பத்திரிக் கட்டடம்னு ஒரு மாநிலத்தோட கட்டுமானத்துக்கே பொறுப்பு.

1971. நம்ம ஊர்ல 2020-களில் "சிவிலா? பொண்ணு சைட்ல எப்படி நிப்பா?"ங்கறாங்க.

"டாக்டர் வேலை பொம்பளைங்களுக்கு இயற்கையாவே ஏத்தது, சேவை மனசு"ன்னு சொல்றவங்களுக்கும் கொஞ்சம் வரலாறு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல பொண்ணுங்களை முதல்ல சேர்த்தது 1875-ல, மேரி ஷார்லீப் உள்பட நாலு பேர். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல பட்டம் வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி புதுக்கோட்டையில காலேஜ்ல காலடி வைக்கறதுக்கே அவங்களுக்கு எவ்வளவு எதிர்ப்புன்னு தேடிப் படிங்க. அன்னைக்கு மருத்துவம்தான் "பொண்ணுக்கு ஆகாத படிப்பு". பிணம் அறுக்கணும், ஆம்பளை உடம்பைத் தொடணும், ச்சீ. நூறு வருஷத்துல எங்க உடம்போ மனசோ மாறல. உள்ளே போன பொண்ணுங்க எண்ணிக்கை மாறிச்சு, அவ்வளவுதான். என் எம்பிபிஎஸ் பேட்ச்லயே பாதிக்கு மேல பொண்ணுங்க.

ஐஐடியைப் பாருங்க. 2018-க்கு முன்னாடி பி.டெக் சேர்ற பொண்ணுங்க பத்துல ஒருத்தர்கூட முழுசா இல்ல. அந்த வருஷம் பெண்களுக்குன்னு கூடுதல் இடங்கள் உருவாக்கினாங்க. ஆம்பளைப் பசங்க இடத்துல கை வைக்கல. 2020-க்குள்ள 20 சதவீதம் வரைக்கும் கொண்டு போனாங்க. ரெண்டு வருஷத்துல பொண்ணுங்களுக்குக் கணக்கு திடீர்னு வர ஆரம்பிச்சுடுச்சா? கதவு எவ்வளவு திறந்திருக்கோ அவ்வளவுதான் உள்ளே வர முடியும்.

அடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மாமாக்கள். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா. ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. ரிசாட்-1 திட்ட இயக்குநர் வளர்மதி. ஒவ்வொரு ராக்கெட் ஏறும்போதும் "தமிழச்சிடா!"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கறீங்க. நானும் வைப்பேன், தப்பில்ல. ஆனா அவங்க எங்க படிச்சாங்கன்னு பார்த்தீங்களா? வனிதா கிண்டி. செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். அரியலூர்க்காரரான மறைந்த வளர்மதி கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூணுமே நம்ம பிள்ளைங்க இந்த வருஷ கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்ல போடப் போற காலேஜ்தான். 1980-களில் செங்கோட்டையில இருந்து ஒரு பொண்ணை இன்ஜினியரிங் அனுப்பின வீட்டுக்கும் சொந்தக்காரங்க இருந்திருப்பாங்கல்ல? அவங்களும் ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல?

"டாக்டர் உங்களுக்கு இதுல என்ன அக்கறை?"ன்னு கேட்பீங்க. சொல்றேன்.

கொரோனா ரெண்டாவது அலை, 2021 மே. எங்களுக்கு ஆக்சிஜன் எவ்வளவு வருது, டேங்க்ல எவ்வளவு இருக்கு, குழாய்ல பிரஷர் எவ்வளவு, இதான் மூச்சு. பெட் பக்கத்துல நாங்க நின்னோம். ஆனா அந்தப் பிரஷரை விழாம பார்த்துக்கிட்டவங்க இன்ஜினியர்களும் டெக்னீஷியன்களும். வென்டிலேட்டர், பச்சைக் குழந்தை வார்டு வார்மர், அனஸ்தீசியா மெஷின், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாமே ஒரு இன்ஜினியரோட கை. உயிரைக் காப்பாத்தற வேலை டாக்டருக்கு மட்டும்னு ஒரு பிம்பம் இருக்கு. அதுல எனக்கு லாபம் உண்டு, மரியாதை கிடைக்குது. இருந்தாலும் அது முழு உண்மை கிடையாது.

இன்னொண்ணு. அதே கொரோனாவுல எங்களுக்கு வந்த பிபிஇ கிட். ஆறடி ஆம்பளைக்குத் தைச்ச மாதிரி. நான் அஞ்சடி ஒரு அங்குலம். கையை மூணு மடிப்பு மடிச்சு டேப் ஒட்டிப்போம். போட்டா ஆறு மணி நேரம் கழட்ட முடியாது. பீரியட்ஸ் நாள்ல அந்த ஆறு மணி நேரம் எப்படி இருந்துதுன்னு எந்தப் பெண் டாக்டரையும், ஸ்டாஃப் நர்ஸையும் கேட்டுப் பாருங்க. தியேட்டர்லயும் இதே கதை. ஆறு சைஸ் கிளவுஸ் போடற பெண் சர்ஜனுக்கு லேப்ராஸ்கோப்பி கருவியோட கைப்பிடி எட்டாது. கை வலிக்க வலிக்கத்தான் பண்ணுவாங்க. யாரும் கெட்ட எண்ணத்தோட செஞ்சது இல்ல. டிசைன் பண்ற டேபிள்ல உட்கார்ந்தவங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல, அதனால தோணல.

காரை எடுத்துக்கங்க. மோதல் சோதனையில உள்ளே உட்கார வைக்கற பொம்மை உலகம் முழுக்கப் பல வருஷமா சராசரி ஆம்பளை உடம்புதான். 1970-களில் அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கின டம்மி. பெண் டம்மின்னு வச்சிருந்ததும் அந்த ஆம்பளை உடம்பையே சின்னதாக்கினதுதான். 2011-ல வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு, சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்கு விபத்துல படுகாயம் ஆகற வாய்ப்பு ஆண் ஓட்டுநரை விட 47 சதவீதம் அதிகம்னு சொல்லுச்சு. சராசரிப் பெண் உடம்புக்குன்னே ஒரு மோதல் சோதனை டம்மியை ஸ்வீடன்ல 2022-ல உருவாக்கிக் காட்டினாங்க. அந்தக் குழுவுக்குத் தலைமை ஆஸ்ட்ரிட் லிண்டர்ங்கற பெண் ஆராய்ச்சியாளர். தற்செயல்னு நான் நம்பல.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. பைக் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கற சேலை கார்டு. பின்னாடி உட்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம பாதியாவது மறைக்கணும்னு 1989 மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. சேலை கட்டி ஒரு பக்கமா உட்கார்ற பொம்பளையை மனசுல வச்சுப் போட்ட கம்பி. "லுக் போகுது"ன்னு அதைக் கழட்டி எறிஞ்ச பையனோட அம்மாவுக்குத்தான் நாங்க தையல் போடறோம்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணு இன்ஜினியர் ஆனா பொம்பளைங்களுக்கு மட்டும்தான் ஏதாவது செய்யணும்னு ஒரு கடமையும் கிடையாது. அவளுக்கு மோட்டார் சுத்தறது பிடிச்சிருக்கு, சம்பளம் வேணும். ஆம்பளைப் பையனுக்குப் போதுமான இந்தக் காரணம் அவளுக்கும் போதும்.

தமிழ்நாட்டோட இன்னொரு வேடிக்கையைச் சொல்லணும். இந்தியாவுல ஃபேக்டரியில வேலை பார்க்கற பெண்கள்ல பத்துக்கு நாலு பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர்ப் பக்கம் ஷிப்ட் பஸ் வர்ற நேரத்துக்கு நின்னு பாருங்க. செல்போன் அசெம்பிளி லைன் முழுக்கப் பொண்ணுங்க. நைட் ஷிப்ட்டும் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல ராத்திரி 7 மணியில இருந்து காலையில 6 வரைக்கும் பெண்களை வேலை வாங்கக் கூடாதுன்னு இருந்த தடையை 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. வண்டி, பாதுகாப்பு, கழிப்பறைன்னு நிபந்தனை போட்டுத்தான் அனுமதிச்சாங்க.

அப்ப பாருங்க. ராத்திரி ஷிப்ட்ல நின்னு ஸ்குரூ முடுக்கப் பொண்ணு வேணும். அதுக்கு யாரும் "ஆகாது"ன்னு சொல்லல, ஏன்னா அது ஏழை வீட்டுப் பொண்ணு. அதே ஃபேக்டரியில அந்த லைனை டிசைன் பண்ற, மெயின்டனன்ஸ் பார்க்கற, மூணு மடங்கு நாலு மடங்கு சம்பளம் வாங்கற இன்ஜினியர் இடத்துக்கு மட்டும் "பொண்ணுக்கு ஃபேக்டரி ஆகாதுங்க". ஆகாதது ஃபேக்டரியா, அந்தச் சம்பளமா?

நிலத்தடிச் சுரங்கத்துலயே 2019-ல பெண்களுக்கு அனுமதி கிடைச்சாச்சு. 2021-ல ஜார்க்கண்ட்ல ஆகாங்ஷா குமாரின்னு ஒரு மைனிங் இன்ஜினியர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறங்கிட்டாங்க. நாம இன்னும் சப் ஸ்டேஷன்ல நிக்கறோம்.

எங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கற ஒரு அக்கா. துப்புரவுப் பணி, ஒப்பந்தம். பொண்ணு அரசுப் பள்ளி. பிளஸ் டூவுல கணக்கு 96, இயற்பியல் 88, வேதியியல் 90. நீட் எழுதினா, வரல. சொந்தக்காரங்க கடன் வாங்கியாவது கோச்சிங் சேர்த்து மறுபடி எழுத வைன்னு சொல்லியிருக்காங்க. அக்கா என்கிட்ட வந்து, "நீங்களே சொல்லுங்க மேடம், உங்களை மாதிரி வரணும்னு ஆசை"ன்னாங்க. யாருக்கு ஆசைன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணு தலையைத் தூக்காம சொன்னா: "மேடம், எனக்கு ட்ரிபிள் ஈ." அவ வீட்ல நின்னுபோன மிக்ஸியை அவதான் பிரிச்சு மாட்டுவாளாம். அம்மா அதை ஒரு புகாரா சொன்னாங்க.

கட்-ஆஃப் போட்டுப் பார்த்தோம். கணக்கு 96, இயற்பியல் பாதி 44, வேதியியல் பாதி 45. மொத்தம் 185. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவா. 2021-ல இருந்து இன்ஜினியரிங்குக்கும் அது உண்டு. அதுல சேர்றவங்களுக்குப் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்குது. அதுக்கு மேல புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய். கடன் வாங்கி இன்னொரு வருஷம் கோச்சிங் போக இருந்த பொண்ணுக்கு, கடனே இல்லாத ஒரு வழி அவ கையிலயே இருந்துது. அந்த வீட்ல யாருக்கும் அது தெரியல. நீட் கோச்சிங் போஸ்டர் மட்டும் தெருவுக்குத் தெரு தெரிஞ்சுது.

நீட் கணக்கையும் சொல்லிடறேன். 2024-ல தேர்வு எழுதினவங்க 23 லட்சத்துக்கு மேல. நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடம் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அதுலயும் தனியார் கட்டணம் உங்களுக்கே தெரியும். உண்மையிலேயே டாக்டர் ஆகணும்னு தவிக்கற பொண்ணு ரெண்டாவது தடவை எழுதட்டும், நானே புத்தகம் வாங்கித் தர்றேன். ஆனா சர்க்யூட் பிடிச்ச பொண்ணை ரெண்டு வருஷம், மூணு வருஷம் ரூம்ல அடைச்சு பயாலஜி மனப்பாடம் பண்ண வைக்கறது என்ன நியாயம்? அந்த வயசுப் பிள்ளைங்க தூக்கம் வராம, சாப்பிடாம, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ஓபிக்கு வருதுங்க. இசிஜி நார்மலா இருக்கும். பிள்ளை நார்மலா இல்லைன்னு அம்மாவுக்கும் தெரியும்.

"இன்ஜினியரிங் படிச்சவன் எல்லாம் சோறு டெலிவரி பண்றான் மேடம்." இதையும் கேட்டாச்சு. மோசமான காலேஜ் இருக்கு, மறுக்கல. லேப் பூட்டியே கிடக்கற காலேஜ் இருக்கு. அதுக்கு நல்ல காலேஜா தேடணும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளோட தேர்ச்சி விவரம் வெளியிடுது, அதைப் பாருங்க. உங்க பையனுக்கு இதே பயம் இருந்தும் சேர்த்து விட்டீங்கல்ல? பொண்ணுன்னு வந்ததும் மட்டும் இந்த டெலிவரி கதை ஞாபகம் வருது.

வேலைக்கு எடுக்கும்போது "ஆண்கள் மட்டும்"னு சொல்ற கம்பெனிங்க இன்னும் இருக்கு. அதை மறைச்சு இனிப்பா பேச நான் வரல. கேம்பஸுக்கு அப்படி ஒரு கம்பெனி வந்தா காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீசர் வாயைத் திறந்து ஏன்னு கேட்கணும். கழிப்பறை இல்லாத சைட்டுக்குக் கழிப்பறை கட்டணும். ட்யூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் கேட்ட நாங்க ஒண்ணும் வானத்தைக் கேட்கல; சைட்ல நிக்கப் போற பொண்ணும் கேட்கப் போறது அதைத்தான்.

கல்யாணம். இதுக்கு ரெண்டு வரி போதும். பெண் டாக்டர் நைட் ட்யூட்டி போறதுக்கு வீட்ல சோறு வடிக்கக் கத்துக்கிட்ட மாப்பிள்ளைங்க இருக்காங்க, நானே பார்த்திருக்கேன். இன்ஜினியரைக் கட்டினாலும் கத்துக்குவாங்க.

இப்ப உருப்படியா சில விஷயம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.

பத்தாவது முடிச்ச பொண்ணு வீட்ல இருந்தா இது முதல்ல உங்களுக்கு. கதவு மூடறது பிளஸ் டூவுல இல்ல, பதினொண்ணாவது குரூப் எடுக்கும்போதே. "பொண்ணுதானே, கணக்கு எதுக்கு"ன்னு கணக்கில்லாத பயாலஜி குரூப்ல தள்ளிடாதீங்க. தமிழ்நாடு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல கணக்குக்கு மட்டும் 100. கணக்கு, பயாலஜி ரெண்டும் இருக்கற குரூப் எடுத்தா ரெண்டு பக்கமும் போகலாம். முடிவை ரெண்டு வருஷம் கழிச்சு அவ எடுக்கட்டும்.

பாலிடெக்னிக் படிச்ச பொண்ணுங்க நேரடியா ரெண்டாம் வருஷ பி.இ சேரலாம். அது மட்டமான வழின்னு நினைக்காதீங்க. மெஷினைத் தொட்டுப் பழகிட்டு வர்றதால அவங்க நல்லாவே பண்றாங்க. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துல சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில 2010-ல இருந்தே இருக்கு.

ஏஐசிடிஇ பிரகதி உதவித்தொகை: பொறியியல், டிப்ளமோ படிக்கற பொண்ணுங்களுக்கு வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் விண்ணப்பிக்கலாம். படிச்சு முடிச்சு வெளியூர்ல வேலை கிடைச்சா தங்கறதுக்கு அரசோட தோழி விடுதிகள் இருக்கு.

சாய்ஸ் ஃபில்லிங் அன்னைக்கு மவுஸ் யார் கையில இருக்குன்னு பாருங்க. பிரவுசிங் சென்டர்ல அண்ணன் உட்கார்ந்து கிளிக் பண்ண, பொண்ணு பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கறதை நானே பார்த்திருக்கேன். அவளை உட்கார வைங்க.

வீட்ல முதல் ஆளா டிகிரி படிக்கப் போறான்னா முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கணும், கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதோட சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். மூணையும் இ-சேவை மையத்துல இந்த வாரமே போட்டுடுங்க. கடைசி நாள் வரைக்கும் விட்டா சர்வர் படுத்துடும், விஏஓ லீவுல போயிடுவார்.

டவுட் இருந்தா கீழே கேளுங்க. இன்னைக்கு எனக்கு நைட் ட்யூட்டி, கேஸ் இல்லாத நேரத்துல பதில் போடறேன்.